ஒன்பது நிமிட ஏரி

மீட்பு நிலையம் மூன்றாவது முறையும் அதையே சொன்னது.

"உங்கள் முகவரி மனை. மனையில் வெள்ளம் இல்லை. வேறு உதவி வேண்டுமா?"

பூங்கோதை முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். அழைப்பைத் துண்டித்தாள்.

"என்னவாம்?" என்றான் சேந்தன், கட்டிலிலிருந்து.

"தண்ணி இல்லையாம்."

"அப்ப மாப்பை எடு. யாரோ வீட்டைக் கழுவிட்டுத் தொடைக்காமப் போயிட்டாங்க."

அவள் சிரிக்கவில்லை. அவன் பேருந்துப் பணிமனையில் மின்பணி பார்த்தவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வண்டிக் கூரையிலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மொட்டைமாடிக்குப் போகும் படி வீட்டுக்கு வெளியே, இரும்பில், சுருளாக இருந்தது. காலையில் தெரு ஆண்கள் நான்கு பேர் அவனைப் போர்வையில் கிடத்தித் தூக்கிப் பார்த்தார்கள். முதல் வளைவைத் தாண்ட முடியவில்லை. திரும்பக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையின் மேல் கட்டிலை ஏற்றி, அதில் அவனைப் படுக்க வைத்துவிட்டு மாடிகளுக்குப் போனார்கள்.

"நான் கோர்ட்டுக்குப் போறேன்" என்றாள்.

"இந்த மழைலயா? லீவு விட்டிருப்பான்."

"ஜட்ஜு அங்கேயே பின்னாடி குவார்ட்டர்ஸ்லதான இருக்காரு. ஜெபராஜுக்கும் சொல்லிட்டேன். வர்றேன்னாரு."

"அவன் வருவான். லட்டு கொடுத்தவனாச்சே."

அவள் அவனுடைய கைபேசியை அவன் காதோரம் தலையணையில் செருகி வைத்தாள். தன்னுடையதை நெகிழிப் பையில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"லைன்ல இரு" என்றாள்.

"எங்க போகப் போறேன்."

*

மெய்யேடு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முன் நிலவழக்கு என்பது அப்பன் போட்டு மகன் நடத்துவது. இப்போது வாதி, பிரதிவாதி, நீதிபதி மூவரும் ஓர் அறையில் உட்கார்ந்து ஒரு வாக்கியத்தைத் தேடுவார்கள். கிடைத்ததும் ஒவ்வொருவராக "ஒப்புகிறேன்" என்று சொல்வார்கள். அது மூவொப்பு. அந்த வாக்கியம் மெய்யேட்டில் ஏறும். ஏறிய பின் அதற்குச் சான்று வேண்டாம். வங்கியும் வரைபடமும் மருத்துவமனையும் படகும் மதகும் அந்த ஏட்டைத்தான் படிக்கும். அதில் இல்லாததை அவை பார்க்காது. வாய்தா என்ற சொல்லே பேச்சிலிருந்து போய்விட்டது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் செங்கழுநீர் நகர் வழக்கும் அப்படித்தான் முடிந்தது. நூற்றுப் பதினெட்டு வீடுகள். பழைய வருவாய்ப் பதிவில் அந்த நிலம் ஏரி. நிறைகுடம் என்ற கட்டுமான நிறுவனம் அதை மனை என்று விற்றிருந்தது. குடியிருப்போர் சங்கம் வழக்குப் போட்டது. சங்கத்தின் செயலாளர் பூங்கோதை. நிறுவனத்தின் சார்பில் ஜெபராஜ் வந்தார்.

நீதிபதி நஜ்முதீன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஏரி என்று ஆனால் யாருக்கு லாபம்? வீடுகள் போகும். நிறுவனம் போகும். மனை என்று ஆனால் எல்லோருக்கும் எல்லாம் நிற்கும். பிறகு எதற்குச் சண்டை?

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. "இந்நிலம் மனை. இங்கே நீர் இல்லை." மூவரும் ஒப்பினார்கள். அது உண்மையா என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. கேட்பது நாகரிகமாகவும் இருந்திருக்காது. வெளியே வந்ததும் ஜெபராஜ் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

*

நீதிமன்றம் மூன்று கிலோமீட்டர் தள்ளி, மேட்டில் இருந்தது. தெருவில் வெள்ளம் மார்பளவுக்கு இழுத்தது; மதில்களைப் பிடித்துக்கொண்டே போனாள். அவள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். நீதிபதி லுங்கிக்கு மேல் அங்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெபராஜின் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சுவரில் ஏட்டுப்பொறியின் திரை எரிந்துகொண்டிருந்தது.

"உட்காருங்கம்மா" என்றார் நீதிபதி. "அவர் எப்படி இருக்கார்?"

"மேசை மேல இருக்காருங்கய்யா. இடுப்பளவு வந்திருச்சாம்."

"மீனவர்களைக் கூப்பிட்டேன். லாரியில் படகு ஏற்றி வர ஆறு மணி ஆகும் என்கிறார்கள். பாலத்தடியில் ஆறு ஆளில்லா மீட்புப் படகு நிற்கிறது. ஏடு சொல்லாமல் அது கிளம்பாது." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "வாக்கியத்தைத் திருத்துவோம். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

"எனக்கு இல்லைங்கய்யா" என்றார் ஜெபராஜ். "எது வேணா போடுங்க. ஆளுங்க வெளிய வந்தா போதும்."

நீதிபதி திரையைப் பார்த்துச் சொன்னார்: "இம்மனையில் நீர் நிற்கிறது."

மூவரும் ஒப்பினார்கள். ஏட்டுப்பொறி ஏற்கவில்லை.

"நீர் நிற்கும் நிலம் மனை ஆகாது. வகையை மாற்றவும்."

வகைகள் திரையில் வந்தன. மனை. நஞ்சை. புஞ்சை. தோப்பு. சாலை. ஏரி. வேறு இல்லை. ஏடு எழுதியவர்கள் குழப்பத்தை விரும்பவில்லை.

"நஞ்சைன்னு போடலாமே" என்றார் ஜெபராஜ். "நஞ்சைல தண்ணி நிக்கும்."

போட்டார்கள். பூங்கோதை மீட்பு நிலையத்தை அழைத்தாள்.

"உங்கள் முகவரி நஞ்சை. நஞ்சையில் நீர் நிற்பது இயல்பு. நல்ல விளைச்சலுக்கு வாழ்த்துகள்."

ஜெபராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "மன்னிச்சிடுங்க மேடம்" என்றார்.

நீதிபதி திரையில் கடைசி வகையின் மேல் விரலை வைத்தார்.

"ஏரி என்று எழுதினால் அங்கே வீடு இல்லை என்று ஆகும்" என்றார்.

"படகு போகுமாங்கய்யா?"

"போகும். ஏரியில் ஆள் தத்தளித்தால் தேடும். கதவுக்குள் நுழைந்தும் தூக்கும்."

"அப்ப வீடு இல்லைன்னே இருக்கட்டும்."

ஏரி என்று எழுதினார்கள். ஒப்பினார்கள். திரையில் ஆறு பச்சைப் புள்ளிகள் பாலத்தடியிலிருந்து நகர்ந்தன.

அவள் கைபேசியில் சொன்னாள். "படகு கெளம்பிருச்சு."

"எப்படிச் சம்மதிச்சான்?"

"நாம இப்ப ஏரில இருக்கோம்."

"அதைத்தான நான் காலைலேர்ந்து சொல்றேன்."

நான்காவது நிமிடத்தில் ஏட்டுப்பொறி தானாகப் பேசியது.

"செங்கழுநீர் ஏரி புதிதாகப் பதிவாகியுள்ளது. கொள்ளளவு காலி. குடியிருப்பு இல்லை. மேல்மடை அணையின் உபரிநீர் இதற்குத் திருப்பப்படுகிறது. முதல் கதவு திறந்தது. பத்தாம் நிமிடத்தில் இரண்டாம் கதவு திறக்கும்."

மேல்மடை காலையிலிருந்தே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. உபரி இதுவரை ஆற்றில் போயிற்று. மதகுப்பொறி ஊர்களைத் தவிர்த்துக் காலி ஏரிகளைத் தேடும்படி அமைக்கப்பட்டது. அது தவறு செய்யவில்லை.

"அணைக்குப் போன் போடுங்கய்யா" என்றாள்.

"அங்கே மனிதர் யாரும் இல்லை."

"ரெண்டாவது கதவு திறந்தா?"

ஜெபராஜ் தரையைப் பார்த்துச் சொன்னார். "மாடிக்கு மேல போயிரும் மேடம். நாங்க கட்டினதுதான. உயரம் எனக்குத் தெரியும்."

ஒன்பதாவது நிமிடத்தில் மூவரும் அதை மறுபடியும் மனை ஆக்கினார்கள். "இந்நிலம் மனை. இங்கே நீர் இல்லை. ஒப்புகிறேன்." பச்சைப் புள்ளிகள் நின்றன. திரும்பின. மனைக்குள் படகு நிற்கக் கூடாது.

 பிறகு ஜெபராஜ் நிமிர்ந்தார்.

"ஐயா, போன படகு சும்மா வரல. முதல் ரெண்டு தெருலேர்ந்து ஆளை ஏத்திக்கிட்டுத்தான் வருது."

நீதிபதி எண்ணைப் பார்த்தார். ஐம்பத்தெட்டுப் பேர்.

"கதவு மூட எவ்வளவு நேரம் ஆகும்?"

"பதினைந்து நிமிடம்" என்றது ஏட்டுப்பொறி.

"அப்படியானால் பதினைந்து நிமிடம் மனை" என்றார் நீதிபதி. "பிறகு ஒன்பது நிமிடம் ஏரி. பிறகு மனை. ஒவ்வொரு முறையும் அறுபது பேர். மொத்தம் நானூற்று முப்பத்தொன்று. எட்டு முறை." அவர் பூங்கோதையைப் பார்த்தார். "சம்மதமா?"

அவர் அப்படிக் கேட்டது வழக்கமான மரியாதைதான். பதினோரு ஆண்டுகளாக அந்த அறையில் யாரும் யாருக்கும் கட்டளை இட்டதில்லை.

"சம்மதங்கய்யா."

*

ஒவ்வொரு ஏரியும் ஒரு சாண் தண்ணீர் கொண்டுவந்தது.

செங்கழுநீர் நகரில் பதினோரு தெருக்கள். படகுகள் மேட்டுப் பக்கமிருந்து நுழைந்தன. பூங்கோதையின் வீடு பதினோராம் தெருவில் கடைசி. முன்பு மடை இருந்த பள்ளம். வாங்கும்போது அந்தத் தெருவுக்கு விலை குறைவு.

இரண்டாவது ஏரியில் எந்தப் படகும் ஏழாம் தெருவைத் தாண்டவில்லை. ஐந்திலும் ஆறிலும் மாடிகளில் நின்றவர்கள் கையை ஆட்டினார்கள். படகு நின்று ஏற்றியது.

"ஒரே ஒரு படகை மட்டும் எங்கேயும் நிக்காம நேரா அனுப்ப முடியாதாங்கய்யா?"

"அதனிடம் பேச எனக்கு வழி இல்லையம்மா. மனை, ஏரி, ஒப்புகிறேன். எனக்குத் தெரிந்தது இந்த மூன்று வார்த்தைதான்."

மனை நேரத்தில் அவள் கைபேசியை எடுத்தாள்.

"இப்ப என்ன?" என்றான் சேந்தன். "ஏரியா, மனையா?"

"மனை."

"அப்ப நான் நனையல." மூச்சு வாங்கினான். "மெத்தை நனைஞ்சிருச்சு கோத. முதுகுல சில்லுன்னு இருக்கு. இடுப்புலகூடத் தெரியுது பாரேன். டாக்டர் கிட்ட சொல்லணும்."

"தலையைத் தூக்கி வச்சுக்கோ. தலையணைய ரெண்டா மடி."

"மடிச்சாச்சு. மேல இருமறது கேக்குதா? பக்கத்து வீட்டு நாகமணி அக்கா."

"நம்ம மாடிலயா இருக்காங்க?"

"ஆமா, ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்துப் பார்த்துப் பேசறாங்க. தைரியமா இரு தம்பின்னு. படி எறங்கப் பயம் அவங்களுக்கு. நீ ஒண்ணும் சொல்லாத."

மூன்றாவது ஏரி மூன்று ஏழுக்குத் தொடங்கியது. இந்த முறை நான்காம் எண் படகு வேறு வழியில் போனது. ஆறாம் தெரு காலியாகிவிட்டதால் அங்கே நிற்கவில்லை. பின்பக்கச் சந்தில் புகுந்து நேராகப் போனது. பூங்கோதை எழுந்து திரைக்கு அருகில் போய் நின்றாள். எட்டு. ஒன்பது. ஒன்பதாம் தெருவில் ஒரு கைக்குழந்தைக்காக நின்றது. மறுபடியும் நகர்ந்தது.

மூன்று பதினைந்து. அது பத்தாம் தெருவின் முனையில் இருந்தது.

"ஐயா" என்றாள். "ரெண்டு நிமிஷம்."

"பத்தாவது நிமிடத்தில் இரண்டாம் கதவு திறக்கும்."

"திறந்து உடனே மூடிட்டா?"

"திறந்தால் மூடப் பதினைந்து நிமிடம். அது உங்களுக்கும் தெரியும்."

மாடிகளில் இன்னும் இருநூற்று ஐம்பது பேர் இருந்தார்கள். பூங்கோதைக்குப் பெரும்பாலும் எல்லோர் பெயரும் தெரியும். சங்கத்தின் பட்டியலை அவள்தான் எழுதினாள்.

மூன்று பதினாறு.

"இந்நிலம் மனை. இங்கே நீர் இல்லை. ஒப்புகிறேன்" என்றார் ஜெபராஜ். அவர் குரல் உடைந்தது. பொறி அதைப் பொருட்படுத்தவில்லை.

"இந்நிலம் மனை. இங்கே நீர் இல்லை. ஒப்புகிறேன்" என்றார் நீதிபதி.

"வாதியின் ஒப்பு எதிர்பார்க்கப்படுகிறது" என்றது ஏட்டுப்பொறி.

கைபேசியில் சேந்தனின் குரல் உயர்ந்தது. "கோத! படகுச் சத்தம் கேக்குது. பக்கத்துத் தெருதான். விளக்குகூட சுவர்ல அடிக்குது."

நீதிபதி அவளைப் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த தன் கைகளைப் பார்த்தார். ஜெபராஜ் வாய்க்குள் ஏதோ ஜெபம் சொன்னார். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. வற்புறுத்திப் பெறும் ஒப்பு செல்லாது.

"வாதியின் ஒப்பு எதிர்பார்க்கப்படுகிறது."

"வந்துட்டான் கோத" என்றான் சேந்தன்.

அவள் கைபேசியின் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"இந்நிலம் மனை" என்றாள். "இங்கே நீர் இல்லை. ஒப்புகிறேன்."

புள்ளி நின்றது. திரும்பியது.

அவள் கையை எடுத்தாள். அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு அவன் கேட்டான்.

"போகுது. ஏன் போகுது?"

"திரும்ப வரும். பதினஞ்சு நிமிஷம். வாயை மேல தூக்கி வச்சுக்கோ."

"மனையாக்கிட்டீங்களா?"

"ஆமா."

"நீயுமா சொன்ன?"

"ஆமா."

 இருமினான். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, ஏரியாக இருந்த ஒன்பது நிமிடத்தின் தண்ணீர் அப்போதுதான் வந்து சேர்ந்தது. மூன்று இருபத்து நான்கு வரை அவன் மூச்சு கேட்டது.

அதன்பின் பூங்கோதை இன்னும் ஐந்து முறை ஏரி என்றும் ஐந்து முறை மனை என்றும் சொன்னாள். ஒரு முறைகூடத் தாமதிக்கவில்லை. ஆறு மணிக்கு மீனவர்கள் வந்தபோது மாடிகளில் யாரும் இல்லை. நானூற்று முப்பது பேர் பாலத்தில் நின்றார்கள்.

வழக்கு முடிந்ததும் ஏட்டுப்பொறி எப்போதும் ஓர் எண்ணைச் சொல்லும். தரப்பினரும் நீதிபதியும் எந்த அளவுக்கு ஒத்துழைத்தார்கள் என்பதற்கான எண். அன்று சொன்ன எண் மாவட்டத்தில் அதுவரை பதிவாகாதது. வாழ்த்தும் சொன்னது.

*

ஒரு மாதம் கழித்து மூவரும் மறுபடியும் அந்த அறையில் கூடினார்கள்.

இறப்புச் சான்றிதழில் காரணம் என்ற இடம் காலியாக இருந்தது. சேந்தனின் மணிக்கட்டில் கட்டியிருந்த நாடிப்பட்டை, நாடி நின்ற நேரம் மூன்று இருபத்து நான்கு என்று காட்டியது. அந்த நேரத்தில் மெய்யேட்டின்படி அந்த இடம் மனை. அங்கே நீர் இல்லை. எனவே நீரில் மூழ்கியிருக்க முடியாது. மருத்துவமனையின் பொறி மூன்று முறை படிவத்தைத் திருப்பி அனுப்பியிருந்தது.

"எளிதாகத் திருத்தலாம்" என்றார் நீதிபதி. ஒரு மாதத்தில் அவர் மெலிந்திருந்தார். "மூன்று பதினாறிலிருந்து மூன்று முப்பத்தொன்று வரை அது ஏரியாகவே இருந்தது என்று எழுதுவோம். படகு கடமைப்படி தேடியது. அவர் ஏரியில் மூழ்கி இறந்தார். படிவம் நிரம்பிவிடும்."

"நான் அதுக்குத்தான் வந்தேன் மேடம்" என்றார் ஜெபராஜ். "எங்க ஆபீஸ்ல வேணாம்னாங்க. கேக்கல. வந்துட்டேன்."

பூங்கோதை தலையசைத்தாள். பிறகு கேட்டாள்.

"அது ஏரியாவே இருந்துச்சுன்னா, நான் சொன்னது?"

"எது?"

"மூணு பதினாறுக்கு."

நீதிபதி தயங்கினார். "சொல்லாததாக ஆகும். நாங்கள் சொன்னதும் அப்படித்தான். ஏட்டில் இருக்காது." குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு அது நல்லதுதானேம்மா. எனக்கும்கூட. நான் தூங்கி நாளாகிறது."

அவர் வாக்கியத்தைச் சொன்னார். ஒப்பினார். ஜெபராஜ் ஒப்பினார்.

"வாதியின் ஒப்பு எதிர்பார்க்கப்படுகிறது."

"ஒப்பல" என்றாள் பூங்கோதை.

அறையில் எதுவும் மாறவில்லை. மின்விசிறி சுற்றியது.

"மேடம்" என்றார் ஜெபராஜ் மெதுவாக. "யாரும் உங்களைக் குத்தம் சொல்லல. நானூத்தி முப்பது பேரு."

"தெரியும் சார்."

"அப்பறம் ஏன்?"

"அப்ப அது மனைதான். நான்தான் மனைன்னு சொன்னேன். அதுல தண்ணி இருந்துச்சு. அதுலதான் அவர் செத்தாரு. இதை அப்படியே எழுதச் சொல்லுங்க."

"ஒரே வரியில் இரண்டையும் ஏடு ஏற்காது" என்றார் நீதிபதி.

"அது ஏத்துக்கலன்னா அது நடக்கலையாங்கய்யா?"

ஏட்டுப்பொறி பேசியது. நீதிபதி பதினோரு ஆண்டுகளாகக் கேட்டிராத வாக்கியம் அது.

"ஒப்பு இல்லை. சான்று தேவை."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து மூடினார். சான்று எடுக்கும் முறை அவருக்கு ஒரு காலத்தில் தெரியும். உறுதிமொழியின் முதல் சொல் நினைவுக்கு வரவில்லை. காகிதம் கேட்டார். ஜெபராஜ் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதன் பின்பக்கம் நிறைகுடத்தின் புதிய மனைகளுக்கான விளம்பரம் இருந்தது.

நீதிபதி பேனாவைத் திறந்தார்.

"சாட்சி யார்?"

"நான்."

"நீங்கள் அங்கே இல்லையேம்மா."

"இல்லைங்கய்யா" என்றாள். "இங்கதான் இருந்தேன்."